ராசா போகும் வழி, சாமி வரும் வழி

சிவகௌரி அந்த அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தது 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதி, திங்கட்கிழமை. அன்று காலை ஒரு சாம்பல் நிற மேற்சட்டையும் ஒரு வாக்கிடோக்கியும் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். கூடவே ஒரு விதியும் சொன்னார்கள். பார்க்க வருகிறவர்களோடு பொருட்களைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்கென்று படித்த வழிகாட்டிகள் இருக்கிறார்கள். காவலுக்கு இருப்பவர் சொல்ல வேண்டியவை இரண்டே வாக்கியங்கள்: 'தயவுசெய்து தொடாதீர்கள்', 'கழிவறை படியிறங்கி இடது கைப்பக்கம்'.

பதினாறு வருடமும் ஆறு மாதமும் சிவகௌரி அந்த இரண்டையும் ஒரு குறையுமில்லாமல் சொல்லிவந்தார். இரண்டாவது வாக்கியம் நாளொன்றுக்குச் சராசரி பதினொரு தடவை. முதலாவது நான்கு தடவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும் நாளில் எண்ணிக்கை கைவிட்டுப் போய்விடும்.

லண்டனில் மைல் எண்ட் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடையில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்த இடம். பழைய காலத்துச் சவர்க்கார முதலாளி ஒருவர் ஊரெல்லாம் போய்ச் சேர்த்த சாமான்கள் ஆறு அறைகளில் இருக்கின்றன. நான்காம் அறை எகிப்து. நடுவில் கருங்கல்லில் சிங்கமுகத்தோடு ஒரு பெண் தெய்வம் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிவரச் சுவர்களில் ஏழு பெரிய புடைப்புச் சிற்பங்கள். எகிப்துக் கோயில் சுவர்களில் இருந்தவை என்று வாசலில் எழுதியிருக்கும். உண்மையில் இரண்டுதான் அப்படி. மற்ற ஐந்தும் முதலாளி அங்கே ஆள் அனுப்பி, சாந்தில் அச்செடுத்துக் கொண்டுவந்த பிரதிகள். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டப் போய்ப் பார்க்கலாமென்றால் சிவகௌரி விடமாட்டார்.

ஏழிலும் இருப்பவர்கள் ராசாவும் சாமியும்தான். கோயில் வாசலில் ராசா எதிரிகளை அடிப்பதில் தொடங்கி, கருவறைக்குள் சாமி ராசாவைக் கட்டியணைப்பதில் முடியும். தரையில் மஞ்சள் அம்புக்குறிகள். வாசலில் இருந்து வலது கைப்பக்கம் திரும்பினால் ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஏழுவரை கொண்டுபோய்விடும்.

அந்த ஏழையும் சிவகௌரி படித்தது திருட்டுத்தனமாக என்றுதான் சொல்ல வேண்டும். வழிகாட்டிகள் கூட்டத்தை நிறுத்திவைத்துப் பேசும்போது, கழிவறைக்கு வழி சொல்லும் அதே முகத்தோடு நாற்காலியில் இருந்துகொண்டு, காதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பிவைப்பார். வீட்டுக்கு வந்ததும் ஷிப்ட் அட்டவணைத் தாளின் பின்புறத்தில் எழுதிவைப்பார். பதினாறு வருடத்தில் பதினான்கு வழிகாட்டிகள். ஆளுக்கொரு கதை. ராசாவின் கையில் இருப்பது வைன் என்பார் ஒருவர், பால் என்பார் மற்றவர். இப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்கள் ஒன்பதைச் சிவப்பு மையில் குறித்திருந்தார். அவர்களிடமே கேட்கலாம்தான். கேட்டால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடுமே! நூலகத்தில் புத்தகம் எடுத்து ஒவ்வொன்றாகத் தீர்த்தார். ஏழு தீர்ந்தது. மிச்சம் இரண்டும் பேராசிரியர்களுக்கே இன்னும் தீரவில்லை என்று தெரிந்த அன்று, சிவகௌரி தனக்குத் தானே ஒரு கோப்பை கோப்பி கூடுதலாகப் போட்டுக் குடித்தார்.

2025 ஜனவரி 20ஆம் திகதி எல்லாக் காவலர்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. அறைகளில் கமரா பூட்டப் போகிறார்கள். மார்ச் 31ஆம் திகதியோடு நாற்காலிகள் போய்விடும். நாற்காலிகளில் இருந்தவர்களும் போக வேண்டியதுதான். ஆனால் வழிகாட்டி வேலை ஒன்று காலியாக இருக்கிறது. உள்ளே வேலை செய்பவர்கள் விரும்பினால் விண்ணப்பிக்கலாம். ஒரு கூட்டத்தைக் கூட்டிப்போய்ச் சுற்றிக்காட்டி, அதில் தேற வேண்டும்.

சிவகௌரிக்கு வயது அறுபத்தொன்று. பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அறுபத்தொரு வயதில் புது வேலைக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்ற பயம் ஒரு பக்கம். பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டு சேர்த்ததை ஒரு நாளாவது வாய்விட்டுச் சொல்லாமல் அந்தக் கட்டடத்தை விட்டு இறங்குவதா என்ற ரோசம் மறுபக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் பயம் என்றுதான் சொல்வார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது. விண்ணப்பத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

கல்விப் பிரிவுக்குப் பொறுப்பான பிரீத்தா சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண், முப்பத்து நான்கு வயது, லண்டனுக்குப் படிக்க வந்து இங்கேயே வேலை எடுத்துக்கொண்டவர்.

"ஆன்ட்டி, நீங்க தமிழ்லயே டூர் பண்ணுங்களேன். நம்மகிட்ட பெங்காலி டூர் இருக்கு, போலிஷ் இருக்கு, தமிழ் மட்டும் இல்ல. நானே வந்து மார்க் போடுறேன். பன்னெண்டு பேராவது வேணும்."

"பன்னிரண்டோ? நான் பதினாறு பேரைக் கொண்டாறன்."

"அவங்க பேசாம நின்னு கேப்பாங்களா?"

"எங்கட ஆக்கள் கோயில்லையே பேசாமல் நிக்கமாட்டினம், பிள்ளை."

பிரீத்தா சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். அதில் நான்கு கேள்விகள், பக்கத்தில் நான்கு கட்டங்கள். அம்புக்குறியின்படி ஒன்றிலிருந்து ஏழுவரை கூட்டிப்போனாரா? நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் முடித்தாரா? எவரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டாரா? கேட்டவர்களுக்கு விளங்கியதா?

"நாலுல மூணு 'யெஸ்' வரணும். டைரக்டர் ரூட்டைத்தான் முதல்ல பாப்பாங்க ஆன்ட்டி. அந்த அம்புக்குறியெல்லாம் அவங்க போட்டது."

அன்றிலிருந்து, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் உள்ள சிவகௌரியின் சமையலறை எகிப்துக் கோயிலாக மாறியது. ஃபிரிட்ஜ் முதலாவது சிற்பம், துவைக்கும் மெஷின் நான்காவது, பின்கதவு ஏழாவது. பார்க்க வந்த கூட்டம், பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற கணவர் தில்லைநாதன். ஒற்றை ஆள், கையில் மணிக்கூடு.

"ராசா ஒரு கையால எதிரியளின்ரை தலைமயிரைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கதாயுதத்தை ஓங்கிறார்," என்று சிவகௌரி ஃபிரிட்ஜைக் காட்டினார்.

"அடிக்கிறாரோ, இல்லையோ?"

"ஓங்கினபடி நிக்கிறார். மூவாயிரம் வருசமா."

"அப்ப நீர் என்னோட கதைக்கிற மாதிரி."

"இஞ்சாருங்கோ, பகிடியை விட்டிட்டு நேரத்தைப் பாருங்கோ."

முதல் தடவை ஐம்பத்திரண்டு நிமிடம். இருபத்து மூன்றாவது தடவை நாற்பத்து நான்கு நிமிடமும் பத்துச் செக்கனும். கணவருக்குக் கதை முழுக்க மனப்பாடமாகிவிட்டது. குளித்துக்கொண்டிருக்கும்போது நைல் நதியின் வெள்ளப்பெருக்கைப் பற்றி அவர் தன்பாட்டில் சொல்வது கேட்கும்.

பதினாறு பேரும் 'பார்க்கிங் தமிழ் மூத்தோர் ஒன்றியம்' ஆட்கள். அவர்களைச் சிவகௌரி அறிவார். ஆகவே ஒரு கிழமைக்கு முன்பே வாட்ஸ்அப்பில் பதினொரு கட்டளைகள் அனுப்பினார். சப்பாத்தைக் கழற்ற வேண்டாம். பூ கொண்டுவர வேண்டாம். கற்பூரம் அறவே கூடாது. சாமியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றக் கூடாது. பீடத்தில் சில்லறை போடக் கூடாது. வடை, பற்றீஸ் எதுவென்றாலும் வாசலுக்கு வெளியே. இப்படியே போகும். நம்மவர்கள் ஒரு கோயில் சுவரைக் கண்டால் என்னென்ன செய்யக்கூடும் என்று யோசித்து யோசித்து எழுதிய பட்டியல். அதில் விட்டுப்போனது ஒன்றே ஒன்று.

மார்ச் 12ஆம் திகதி, புதன்கிழமை. முதியோருக்கான இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் ஒன்பது மணிக்குப் பிறகுதான் வேலை செய்யும் என்பதால் எல்லாரும் அதற்குப் பிறகு புறப்பட்டு, பதினொரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். முன்னால் ஒன்றியத் தலைவர் ஆனந்தராஜா, கோட்டும் சூட்டும் போட்டு. பார்க்கிங்கில் மொத்த மளிகைக் கடை வைத்திருப்பவர், ஒன்பது வருடமாகத் தலைவர். ஒன்றியத்தின் சென்ற வருட மலருக்கு நாற்பத்தெட்டுப் பக்கம். அதில் அவருடைய படம் முப்பத்தொன்று. அவருக்குப் பின்னால் நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்ற செபஸ்தியாம்பிள்ளையும் மனைவி கிளறிற்றாவும். கூட்டத்தில் அவர்கள் இருவரும்தான் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். கடைசியாக, கைத்தடியோடு எண்பத்தொரு வயதுத் தையல்நாயகி.

நான்காம் அறைக்குள் நுழைந்ததும் தையல்நாயகி நின்றுவிட்டார்.

"இதார், சிங்கமுகத்தோட? நரசிங்கரோ?"

"இல்லை அக்கா, பொம்பிளைத் தெய்வம். செக்மெட் எண்டு பேர். கோவக்காரி. ஒருக்காக் கோவம் வந்து உலகத்தை அழிக்க வெளிக்கிட்டவ. பியருக்குச் சிவப்புச் சாயம் கலந்து, ரத்தம் எண்டு நினைக்கப்பண்ணிக் குடுத்துத்தான் ஆளைச் சாந்தப்படுத்தினவை."

"பியரோ? அப்ப பழகக்கூடிய ஆள்தான்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"பிரத்தியங்கிரா!" என்று ஒரு சத்தம் போட்டார் தையல்நாயகி. கைத்தடியை முழங்கையில் கொழுவிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "சிங்கமுகத்துப் பிரத்தியங்கிரா அம்மன். இஞ்ச வந்தெல்லோ இருக்கிறா!"

சிவகௌரி மணியைப் பார்த்தார். பதினொன்று நான்கு. "எல்லாரும் வலக்கைப் பக்கம் வாங்கோ. முதலாவது சுவர் இஞ்ச," என்று சொல்லி அம்புக்குறியில் நடந்து, ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று பழகியதுபோல முதலாவது சிற்பத்துக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமித் திரும்பினார். எதிரே பிரீத்தா மட்டும் தாளும் பேனையுமாக நின்றார். பதினாறு பேரும் அறையின் மறுபக்கத்தில், சிங்கமுகத்தை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுற்றத் தொடங்கியிருந்தார்கள்.

"அக்கா, அங்கால இல்லை! அம்புக்குறி இஞ்சாலை!"

"அம்மனை இடக்கைப் பக்கம் விட்டிட்டுச் சுத்தச் சொல்லுறீரோ? இடமாச் சுத்திறது செத்தவீட்டிலை எல்லோ, பிள்ளை."

"அக்கா, இது கோயில் இல்லை, மியூசியம்."

"அது அம்மனுக்குத் தெரியுமோ?"

சிவகௌரி ஆனந்தராஜாவைப் பார்த்தார். "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ."

"நான் போன கிழமைதான் கண் ஒப்பரேசன் செய்தனான், சிவகௌரி. மற்றக் கண்ணுக்கு வாற செவ்வாய் திகதி தந்திருக்கினம். இந்த நேரத்திலை என்னை இடமாச் சுத்த வையாதேயும்."

"செபஸ்தியாம்பிள்ளை அண்ணை?"

"எனக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான். ஆனா கிளறிற்றா அங்கால போட்டா." கிளறிற்றா வேதக்காரியாக இருந்தும் கைகூப்பியபடி மூன்றாவது ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். கேட்டதற்கு, கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் முழங்கால் நோகாது என்றார்.

பிரீத்தாவின் பேனை முதலாவது கட்டத்தின்மேல் அசையாமல் நின்றது. உதவி செய்ய அவருக்கு அனுமதியில்லை. சிவகௌரி நினைத்தால் காவல்காரக் குரலில் ஒரு அதட்டுப் போட்டுப் பதினாறு பேரையும் இந்தப் பக்கம் இழுத்திருக்கலாம். அந்தக் குரல் அவரிடம் இருந்தது. ஆனால் தையல்நாயகி அக்கா அதற்குப் பிறகு சுவர் பக்கமே முகம் திருப்பமாட்டார். மற்றவர்களும் கதை கேட்பதை விட்டுவிட்டு அபசகுனத்தைப் பற்றியே பேசிக்கொண்டு நிற்பார்கள். விளங்கியதா என்ற நான்காவது கட்டமும் போய்விடும். சிவகௌரி அறையைக் குறுக்காகக் கடந்து ஏழாவது சிற்பத்துக்கு முன்னால் போய் நின்றார். கையில் இருந்த உரையின் ஒன்பது பக்கத்தில் கடைசிப் பக்கத்தை முன்னுக்கு எடுத்தார்.

"இவ்வளவு பூசைக்கும் பலனாகச் சாமி ராசாவைக் கட்டி அணைக்கிறார்," என்று வாசித்தார்.

"எவ்வளவு பூசைக்கு? நாங்கள் இன்னும் ஒரு பூசையும் காணேல்லையே," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"பலன் முதல், பூசை பிறகு," என்றார் ஆனந்தராஜா. "நல்ல கோயிலாக் கிடக்கு. விலாசம் என்ன?"

பதினாறு பேரும் சிரித்தார்கள். சிவகௌரிக்குக் காது சூடாகிவிட்டது. நாற்பத்து நான்கு நிமிடமும் பத்துச் செக்கனும் கண் முன்னால் கரைந்தது.

"இதில ஆர் சாமி, ஆர் ராசா?" என்று தையல்நாயகி கேட்டார். "ரண்டு பேரும் ஒரே உசரமாய் எல்லோ நிக்கினம்."

இதற்குத் தாள் தேவைப்படவில்லை. "ஓம் அக்கா. மற்ற ஆக்களை முழங்கால் உசரத்துக்குத்தான் செதுக்குவினம். ராசா மட்டும் சாமியின்ரை உசரம். தாடியைப் பாருங்கோ. நுனி வளைஞ்சு கிடந்தால் சாமி. நேராத் தொங்கினால் ராசா."

"ரண்டும் ஒட்டுத்தாடி மாதிரி."

"ராசாவின்ரை ஒட்டுத்தாடிதான். காதடியில ஒரு நாடா ஓடுது, தெரியுதோ?"

பதினாறு தலைகள் ஒன்றாகக் குனிந்து நாடாவைத் தேடின. அந்தத் தலைகளுக்கு மேலால் சிவகௌரி சுவர் நீளத்துக்குப் பார்த்தார். அவர் நாற்காலி இருந்தது முதலாவது சிற்பத்தின் பக்கத்தில். ஏழாவதின் பக்கம் நின்று, இங்கேயிருந்து அங்கே பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. மூன்றாவது வழிகாட்டி எப்போதோ சொல்லி, அவர் எழுதிவைத்து, பிறகு மறந்தே போன ஒரு வரி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ராசா எப்போதும் உள்நோக்கி நடப்பார். சாமி எப்போதும் வெளிநோக்கிப் பார்ப்பார். சுவரில் சாமியின் முகங்கள் எல்லாம் தையல்நாயகி அக்கா நடக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

சிவகௌரி ஒன்பது பக்கத்தையும் மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"எல்லாரும் கேளுங்கோ. அம்புக்குறியாலை போனால் ராசாவோட போகலாம். வாசலாலை உள்ளுக்கு. நீங்கள் மற்றப் பக்கத்தாலை வந்திட்டியள். பறவாயில்லை. இப்ப நாங்கள் சாமியோட வெளிக்கிடுவம். இதுதான் மூலஸ்தானம். இஞ்சயிருந்து வெளிவீதி மட்டும் போவம்."

"அப்பிடிச் சொல்லும்!" என்றார் தையல்நாயகி.

அதன் பிறகு சிவகௌரியை நிறுத்த ஆளில்லை. ஆறாவது சிற்பத்தில் சாமி ராசாவின் மூக்குக்கு நேரே ஒரு சின்னத்தைப் பிடிக்கிறார். மேலே வளையம், கீழே சிலுவை. உயிர் என்று அர்த்தம். சாமி கொடுப்பது மூச்சு. ஐந்தாவதில் காலைப் பூசை. ராசா இரண்டு குண்டுக் கிண்ணத்தில் வைன் கொடுக்கிறார், பக்கத்தில் சாம்பிராணி.

"ராசாவோ ஒவ்வொரு நாளும் வந்து பூசை செய்தவர்?" என்று கேட்டார் கிளறிற்றா.

"இல்லை. எகிப்து முழுக்க எத்தினை கோயில்! பூசை செய்தது ஐயர்மார். ஆனா சுவரிலை ராசா மட்டும்தான் இருப்பார். எல்லாச் சுவரிலையும்."

"எங்கட மலர் மாதிரி," என்றார் செபஸ்தியாம்பிள்ளை. யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையுமிருக்கவில்லை, மற்றப் பதினான்கு பேரும் ஆனந்தராஜாவைப் பார்த்தார்கள்.

"நான் சொல்லியே படம் போட்டவை? அச்சகத்திலை போட்டது," என்றார் ஆனந்தராஜா. பிறகு சிற்பத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "இந்த நீட்டு வட்டத்துக்குள்ள ஒண்டும் எழுதேல்லையே?" என்றார்.

"அது ராசாவின்ரை பேர் வாற இடம், அண்ணை. இது செதுக்கின காலத்திலை ராசாமார் கெதியாய்க் கெதியாய் மாறினவை. ஆர் வருவார், ஆர் போவார் எண்டு தெரியாமல் கோயில்காரர் பேரை எழுதாமலே விட்டிட்டினம்."

"ஒன்பது வருசம் இருந்தாலும் எழுதமாட்டினமோ?"

"வாற மாசம் தெரிவுக் கூட்டம் முடியட்டும், பாப்பம்," என்று பின்னால் ஒரு குரல் வந்தது.

நான்காவதில் இரண்டு சாமிகள் ராசாவைக் கைபிடித்து உள்ளே கூட்டிவருகிறார்கள். உபயகாரரை மேளத்தோடு கூட்டிவருவதுபோல என்றார் சிவகௌரி. இவர்கள் இரண்டு பேர் மட்டும் உள்பக்கம் போகிறார்கள், அது விதிவிலக்கு என்பதையும் மறைக்காமல் சொன்னார். மூன்றாவதில் இரு பக்கமும் நின்று ராசாவுக்குத் தண்ணீர் வார்க்கிறார்கள். இரண்டாவது சிற்பத்துக்கு வந்ததும் கையை மட்டும் காட்டினார். சாமி பெட்டகத்துக்குள் இருக்க, பெட்டகம் தோணிமேல் இருக்க, தோணியை மொட்டைத் தலை ஐயர்மார் தோளில் சுமந்து வாசல் பக்கம் போகிறார்கள்.

"சாமி தூக்கினம்!" என்று நான்கைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

"என்னத்துக்குத் தோணி?" என்று கேட்டார் கிளறிற்றா.

"அவையின்ரை ஊரிலை எல்லாப் போக்குவரத்தும் ஆத்தாலை," என்றார் சிவகௌரி.

தோள் கொடுப்பவர்களை செபஸ்தியாம்பிள்ளை எண்ணினார். நாம் கோயிலில் தேடித் திரிந்தும் இதில் பாதி ஆள் கிடைப்பதில்லை என்று ஆனந்தராஜா கவலைப்பட்டார். முதலாவது சிற்பத்தைச் சிவகௌரி விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வெளிவீதி, ஓங்கிய ஆயுதம், மண்டியிட்ட எதிரிகள்.

"சூரன்போர்!" என்றார் தையல்நாயகி. "முடிவிலை வாறதுதானே சரி. இதைக் கொண்டுபோய் முதல் வைச்சிருக்கினம், விசர்க் கூட்டம்."

அந்த நேரத்தில் எச்சரிக்கைக் கருவி கூவியது. ராசாவின் உயரம் எவ்வளவு, தன் உயரம் எவ்வளவு என்று பார்க்க ஆனந்தராஜா முதுகை நிமிர்த்திக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து, தரையில் உள்ள கோட்டைத் தாண்டிவிட்டார்.

"தொடாதேங்கோ!" என்றார் சிவகௌரி, பதினாறு வருடத்துக் குரலில். ஆனந்தராஜா இரண்டு கையையும் தூக்கியபடி முன்னால் பாய்ந்தார்.

"தொடேல்லை, தொடேல்லை. ராசா என்னைவிட ஒரு சாண் கூட."

"ஒண்டரைச் சாண்," என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

மணி பன்னிரண்டு பன்னிரண்டு. அறுபத்தெட்டு நிமிடம். எல்லாரும் வெளியே போய் வடைப் பையைத் திறந்த பிறகு, பிரீத்தா தாளோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஆன்ட்டி, சூப்பரா இருந்துச்சு. நான் எத்தனையோ டூர் பாத்திருக்கேன், இப்படிச் சிரிச்சதில்ல. ஆனா..."

"முதலாவது 'நோ'. ரண்டாவது 'நோ'," என்றார் சிவகௌரி.

"ஆமா. டச் பண்ணல, அது 'யெஸ்'. புரிஞ்சுது, அதுவும் 'யெஸ்'. ரெண்டுதான் வருது. வேணும்னா நேரத்தை மட்டும் கொஞ்சம்..."

"வேண்டாம் பிள்ளை. நடந்தது அறுபத்தெட்டு நிமிசம். அறுபத்தெட்டு எண்டே எழுதும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் போய் இருந்தார். பின்னேரம் ஐந்து மணிவரை, கேட்டவர்களுக்கெல்லாம் கழிவறைக்கு வழி சொன்னார். வீட்டுக்குப் போனதும் தில்லைநாதன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் வைத்தார். அவர் பகிடி விடாமல் இருந்ததுதான் சிவகௌரிக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

வெள்ளிக்கிழமை, 14ஆம் திகதி, மூன்று நாற்பதுக்கு டைரக்டர் கூப்பிட்டுவிட்டார். உயரமான ஆங்கிலேயப் பெண்மணி, எகிப்தியலில் புத்தகம் எழுதியவர். மேசையில் பிரீத்தாவின் தாள் இருந்தது. கட்டங்களுக்குக் கீழே, வெறுமையாக விட வேண்டிய இடத்தில், பிரீத்தா பதினொரு வரி எழுதியிருந்தார்.

"எதிர்ப்பக்கமாகக் கூட்டிப்போனீர்களாமே?" என்று டைரக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நான் கூட்டிப்போகவில்லை. அவர்கள்தான் என்னைக் கூட்டிப்போனார்கள்."

"சாமிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் பார்க்கின்றன என்று சொன்னீர்களாம்."

"எல்லாம் இல்லை. ஏழில் ஐந்து. மூன்றாவதில் இரு பக்கமும் சாமிகள் நிற்கிறார்கள். நான்காவதில் இரண்டு பேரும் உள்ளே போகிறார்கள்."

டைரக்டர் எழுந்தார். இரண்டு பேரும் நான்காம் அறைக்கு நடந்தார்கள். பிரீத்தா பின்னால் ஓடிவந்தார். டைரக்டர் ஏழாவதிலிருந்து தொடங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் நின்று நின்று போனார். நான்காவதின் முன்னால் மட்டும் நெடுநேரம் நின்றார். முதலாவதின் முன்னால் வந்து திரும்பியபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"இருபது வருடம் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றார். "ராசா உள்ளே, சாமி வெளியே. பிறகு இங்கே வந்து, ராசாவுக்கு மட்டும் அம்புக்குறி போட்டிருக்கிறேன்."

சிவகௌரிக்கு ஒன்று சொல்ல இருந்தது, ஆனால் வேலை கேட்டு வந்த இடத்தில் சொல்லக்கூடியது அல்ல.

"மூன்று 'யெஸ்' வேண்டும் என்பது விதி," என்றார் டைரக்டர். "முதலாவது கேள்வி பிழையான கேள்வி. அதை எடுத்துவிட்டால் மூன்றில் இரண்டு வருகிறது. ஆறு மாதம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை அம்புக்குறிப்படி. புதன்கிழமை எதிர்ப்பக்கம். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து. ஆனால் நாற்பத்தைந்து நிமிடம்."

பிரீத்தா பின்னால் நின்று தலையைப் பலமாக ஆட்டினார், ஓமென்று சொல்லிவிடுங்கள் என்று. சிவகௌரி சாய்ந்துகொள்ள ஒரு இடம் தேடினார். சுவரைப் பிடிக்கலாம் என்றால் சுவரைத் தொடக் கூடாது.

"அம்புக்குறிப்படி நாற்பத்தைந்து சரி," என்றார். "எதிர்ப்பக்கத்துக்கு அது போதாது. அறுபத்தெட்டு வேண்டும்."

"ஆன்ட்டி!" என்றார் பிரீத்தா, தமிழில், மெதுவாக. "இப்பதான் வேலை குடுத்திருக்காங்க!"

"அதுக்காக, பிள்ளை? நாப்பத்தஞ்சிலை சாமி வெளிவீதிக்கு வந்து சேராது."

டைரக்டர் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். பிரீத்தா மொழிபெயர்த்தார். டைரக்டர் ஐம்பது என்றார். சிவகௌரி அறுபது என்றார். ஐந்து மணிக்கு அருங்காட்சியகத்தின் வாயிற்காவலர் கைமணியோடு கதவடைக்க வந்தபோதும் மூன்று பேரும் சிங்கமுகத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. டைரக்டர் கை நீட்டினார், சிவகௌரி கைகொடுத்தார். ஆனால் ஐம்பத்தைந்துக்குள் முடிப்பேன் என்று அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை.